லால்குடிப் பெண்ணின் கனம்

பொன்மலை ரயில்வே காலனியில் பாலே நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேச்சு வந்தால், ஆடிக்கொண்டிருந்த பெண் மேலே போனவள் இறங்காமலே நின்றுவிட்டதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, பாலக்கரை மெர்சலின் என்பவள் ஆட்டம் முடியுமுன் எழுந்து போனதைத்தான் சொல்கிறார்கள். அந்தரத்தில் நிற்பதற்காவது ஒரு காரணம் இருக்கும், முடிகிற நேரத்தில் எழுந்து போவதற்கு என்ன காரணம் இருக்க முடியும் என்று கேட்கிறார்கள்.

மெர்சலின் எங்கேயுமே கடைசிவரை இருந்தவள் அல்ல. பூசையில் சாமியார் இறுதி ஆசீருக்குக் கையைத் தூக்குமுன் அவள் செருப்பை மாட்டியிருப்பாள், சினிமாவில் வில்லன் விழுந்ததும் எழுந்துவிடுவாள், கல்யாணப் பந்தியில் மோர் வருமுன் இலையை மடிப்பாள், சொந்த மகன் பட்டம் வாங்கிய விழாவில்கூட அவன் மேடையிலிருந்து இறங்குவதற்குள் வாசலில் ஆட்டோ பேசிக்கொண்டிருந்தாள். முடிவு என்பது கூட்டம் வாசலில் நெரிபடுவதற்கு மனிதர்கள் வைத்திருக்கும் மரியாதையான பெயர் என்பது அவள் கட்சி.

பாலேவுக்கும் அவளாக வரவில்லை. பக்கத்து வீட்டு ரங்கநாயகி, தன் வீட்டுக்காரர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ஓய்வு பெற்றவர் என்ற உரிமையில் டிக்கெட் வாங்கி வைத்திருந்தாள், அன்றைக்குப் பார்த்து அவருக்கு வயிறு உப்பிக்கொண்டதால் ஒரு இடம் காலி. இந்த ஊர் வெயிலில் அந்த உடுப்பை மாட்டினால் வேர்க்குருதான் ஆடும் என்று சொல்லிக்கொண்டே மெர்சலின் புடவை மாற்றினாள். அவளுக்கு பாலே ஒன்றும் புதிதல்ல. கான்வென்ட்டில் தலையில் புத்தகத்தை அடுக்கி நடக்கவைத்த சிஸ்டர் ஒருத்தி, தேவதூதர்களுக்கு உடம்பு வந்தால் அவர்கள் செய்கிற காரியம்தான் பாலே என்று சொல்லியிருந்தாள். அதே சிஸ்டர்தான் பள்ளி நாடகத்தில் மெர்சலினை மரமாக நிறுத்தினாள், அந்த மரமும் பாதி நாடகத்தில் மேடையைவிட்டுப் போய்விட்டது.

வந்திருந்தது காவேரி பாலே கம்பெனி. கம்பெனி என்றால் கடல் கடந்து வந்தது இல்லை; கரூர் பேங்க் கிளார்க் ஒருவன், மணப்பாறை டீச்சர் ஒருத்தி, துவாக்குடி இரட்டையர்கள், நர்சிங் படிக்கிற பெண்கள், எல்லாரையும் ரயில்வே குவார்ட்டர்ஸ் ஐவி மிஸ் பல வருஷமாகச் சாயங்காலங்களில் காலனி மன்றத்துத் தேக்குத் தரையில் பழக்கி எடுத்திருந்தாள். அந்தத் தரையில்தான் வெள்ளைக்காரர்கள் ஒரு காலத்தில் ஜோடி ஜோடியாகச் சுற்றினார்கள், அவர்கள் போன பிறகு அதில் பூப்பந்து ஆடினார்கள், கல்யாண வரவேற்பு வைத்தார்கள், தரை எல்லாவற்றையும் தாங்கியது.

முதல் நடனம் வெள்ளை உடுப்பு நடனம். இடியாப்பத் தட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு வருகிறார்களே என்று மெர்சலின் முணுமுணுத்தாள். ஆனால் முதல் தாவலுக்கு முன்னால் ஆடுகிறவர்கள் மேடை விளிம்புக்கு வந்தார்கள், வந்து, நெரிசலான பஸ்ஸில் நிற்கிறவர்கள் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை பார்த்தார்கள். சபைக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? முன் வரிசைக்காரர்கள் காலை ஒடுக்கி மடியை ஒதுக்கினார்கள், ஆடுகிறவர்கள் தங்கள் உடம்பின் கனத்தை இறக்கி அந்த மடிகளில் வைத்தார்கள், வைத்துவிட்டுத் திரும்பிப் போய், காற்றில் பஞ்சு போகிற மாதிரி எழும்பினார்கள். பஸ்ஸில் பையை வாங்கி வைத்துக்கொள்கிற ஊருக்கு இதில் வியக்க எதுவும் இல்லை. ஒரு அம்மாள் இன்னொருத்தருக்கும் இடம் இருக்கிறது என்று கையைக் காட்டினாள். ஜன்னலோரம் இருந்த ஒருவர், பஸ்ஸில் செய்கிற மாதிரியே, தூங்குவதாகப் பாசாங்கு செய்தார். ரங்கநாயகி மடியில் கரூர் பேங்க் கிளார்க்கின் கனம் வந்து உட்கார்ந்தது, அவள் கூச்சத்தோடு முந்தானையால் அதை மூடிக்கொண்டு, ஒல்லியாக இருக்கிறவனுக்கு எவ்வளவு கனம், மனசில் என்ன வைத்திருக்கிறானோ என்று காதோரம் சொன்னாள். நடனம் முடிந்ததும் அவரவர் வந்து அவரவர் கனத்தை வாங்கிக்கொண்டார்கள், தலையை லேசாகச் சாய்த்து நன்றி சொன்னார்கள். மெர்சலின் மடியில் யாரும் எதுவும் வைக்கவில்லை. அவள் முன்யோசனையாகத் தன் கைப்பையை மடியில் நிறுத்தி வைத்திருந்தாள்.

இரண்டாவது நடனம் ஒர்க்‌ஷாப்பில் ஷிப்ட் மாறுகிற நேரம். சங்கு ஊதுகிறது, காக்கிச் சட்டைகள் ஒரு பக்கம் இருந்து வருகின்றன, இன்னொரு பக்கம் போகின்றன, வருகிறவனும் போகிறவனும் ஒரு கணம் தோளோடு தோள் உரசி ஒரே ஆளாகிப் பிறகு பிரிகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் சபையில் இருந்த பழைய ஒர்க்‌ஷாப் ஆட்கள் சங்கு ஊதியதும் நிமிர்ந்து உட்கார்ந்து காலடியில் டிபன் கேரியரைத் தேடினார்கள், அதைப் பார்த்த மெர்சலினுக்கு, தன் வீட்டுக்காரர் இத்தனை வருஷம் காலையில் வாசல் தாண்டிப் போனதை ஒருநாளும் நின்று பார்த்ததில்லையே என்று எங்கேயோ உறைத்தது. உறைத்ததை அவளுக்குப் பிடிக்கவில்லை, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றாவது, கல்யாணப் பந்தி. சாப்பிடுகிறவர்கள் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் வந்து நிற்பார்களே, அந்த நிற்றல்தான் நடனம். ஒருவன் பாயசத்தை நிதானமாக உறிஞ்ச, பின்னால் நிற்கிற துவாக்குடி இரட்டையர்கள் நுனிக்காலில் நடுங்கி நடுங்கி அவன் இலையையே பார்க்க, மெர்சலின் கான்வென்ட்டில் அடக்கப் பழகியிருந்த சிரிப்பு அத்தனையும் ஒரேயடியாக வெளியே வந்துவிட்டது. அவள் குலுங்கிய குலுக்கலில் கைப்பை மடியிலிருந்து வழுக்கித் தரைக்குப் போனது. அதை அவள் எடுக்கவில்லை.

கடைசி நடனத்துக்கு கொள்ளிடம் என்று பெயர், ஆடியவள் லால்குடிப் பெண் தமயந்தி. ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு ஆற்று மணலில் நடந்து வருகிறாள், ஆற்றில் திடீரென்று வெள்ளம் வருகிறது, கதை அவ்வளவுதான், வாத்தியம் மன்றத்துப் பழைய பியானோ ஒன்று, தவில் ஒன்று. தமயந்தி விளிம்புக்கு வந்து பார்த்தாள். மெர்சலின் முகம் கடுகடு என்றுதான் இருந்தது, ஆனால் மடி காலியாக இருந்தது. முகத்தைப் பார்த்து யார் பையைக் கொடுக்கிறார்கள், மடியைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அப்போதுதான் இஸ்திரி போட்டு எடுத்த துணிக்கட்டைப் போல இளஞ்சூடாக ஒரு கனம் மெர்சலின் மடியில் வந்து உட்கார்ந்தது.

பிறகு தமயந்தி ஆடினாள். தண்ணீர் எங்கும் இல்லை, ஆனால் அவள் கணுக்காலில் ஏறியது, முழங்காலில் ஏறியது, முன் வரிசைப் பெண்கள் புடவைக் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டார்கள். மெர்சலின் குறை கண்டுபிடிக்கத் தயாராகத்தான் இருந்தாள், அந்தக் கை அந்த இடத்தில் வளைந்தபோதும், கழுத்து திரும்பியபோதும், குறை அகப்படவில்லை, அகப்படாதது அவளுக்குக் கோபமாக வந்து, கோபம் கண்ணில் தண்ணீராக நின்றது. தவில் உருண்டது, பியானோ பொங்கியது, தமயந்தி ஒரு கையை வெள்ளத்துக்குக் கொடுத்து மறு கையால் குடத்தை அணைத்தபடி எழும்பினாள், எழும்பி, மேடைக் கூரையின் உத்திரத்துக்குக் கொஞ்சம் கீழே அப்படியே நின்றாள்.

வாத்தியம் பொங்கினால் அடுத்தது என்ன என்று மெர்சலினுக்குத் தெரியும். பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை, தேசிய கீதம், வாசலில் நெரிசல். கண்ணைத் துடைத்தாள், தரையில் கிடந்த கைப்பையை எடுத்தாள், எழுந்தாள். எழுவது பாரமாகத்தான் இருந்தது. அந்த வயதில் நாற்காலியிலிருந்து எழுவது என்றைக்குப் பாரமாக இல்லை? மூட்டுவலியைத் திட்டியபடி வெளியே வந்து, வந்த பஸ்ஸில் ஏறினாள். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கி நின்றவளைப் பார்த்து, சீட்டில் இருந்த ஒரு பெண், இருக்கிறதைக் கொடுங்கள் வைத்துக்கொள்கிறேன் என்று கையை நீட்ட, மெர்சலின் கைப்பையைக் கொடுத்தாள், கூடவே இருந்ததையும் கொடுத்தாள். பாலக்கரையில் கூட்டத்தைப் பிளந்து கைப்பையை மட்டும் பிடுங்கிக்கொண்டு குதித்தாள். மாடிப்படி ஏறும்போது உடம்பு காற்றாக இருந்தது. புது மாத்திரை வேலை செய்கிறது என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

மறுநாள் காலை ரங்கநாயகி வந்தபோது மெர்சலின் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு இன்னும் மேலயே நிக்குதுக்கா. அது கனம் எங்க?"

"என்னைக் கேட்டா? அவ கனத்தை அவதானே பார்த்துக்கணும்."

"உங்க மடியிலதான் குடுத்துச்சு. நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன். பஸ்ல வாங்கி வெச்ச பையைத் தூக்கிக்கிட்டு யாராச்சும் இறங்கிப் போவாங்களா?"

மெர்சலின் துருவுவதை நிறுத்தவில்லை. தேங்காய் தீர்ந்து கொட்டாங்குச்சியையும் கொஞ்சம் துருவிய பிறகுதான் நிறுத்தினாள்.

பொன்மலை அதற்குள் பழகிவிட்டிருந்தது. தமயந்தி காற்றில் அசைந்துவிடக் கூடாது என்று மன்றத்தில் மின்விசிறிகளை நிறுத்திவிட்டு ஆளாளுக்கு விசிறியோடு வந்தார்கள், பூப்பந்து ஆடுகிறவர்கள் பந்தை மேலே தூக்கி அடிப்பதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள், லால்குடியிலிருந்து வந்த தாய் தன் புடவை ஒன்றை மகளின் இடுப்பில் கட்டி மறு நுனியை மேடைத் தூணில் முடிந்து, அதன் அடியிலேயே பாயைப் போட்டுக்கொண்டாள். பங்குச்சாமியார் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, இது தமது இலாகாவா என்று மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். பிள்ளையார் கோயில் குருக்கள் எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்பினார். கிரேன் ஓட்டிய ஒருவர் கயிறு போட்டு இறக்கிப் பார்த்தார், இறங்கினாள், கயிற்றை விட்டதும் தண்ணீருக்குள் அமுக்கிய பந்து மாதிரி மறுபடி போய்விட்டாள். பொன்னி அரிசி மூட்டை ஒன்றைக் கட்டிப் பார்த்தார்கள், அதற்கு இறங்கி நின்றாள், ஆனால் நடக்கச் சொன்னால் மூட்டை நடக்கிற மாதிரிதான் நடந்தாள், இது என் கனம் இல்லை என்று அழுதாள், அவிழ்த்துவிட்டார்கள். புதன்கிழமை நடப்பதற்காக ஏற்கெனவே பதிவாகியிருந்த கல்யாண வரவேற்பை அவள் சம்மதத்தோடு அவளுக்குக் கீழேயே நடத்தினார்கள், மேலேயிருந்து அவள் அட்சதை தூவினாள், நேராக வானத்திலிருந்தே ஆசீர்வாதம் வந்ததாக மாப்பிள்ளை வீட்டார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்கள்.

எல்லாரும் பழகிக்கொண்டார்கள், ஐவி மிஸ் ஒருத்தியைத் தவிர. அவளுக்குத்தான் தெரியும். கனத்தைக் கழற்றி வைப்பதற்கு ஒரு நடனத்தின் நேரம்தான் கணக்கு. அதற்கு மேல் போனால் ஆள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொள்வாள். முதலில் தமயந்திக்குப் பசி போயிற்று. கம்பு நுனியில் கட்டி நீட்டிய இட்லியை அவள் வாங்கி வாங்கிக் கூரை இடுக்கில் இருந்த அணிலுக்குக் கொடுத்தாள். பிறகு தூக்கம் போயிற்று. வியாழக்கிழமை அவள் தாய் கீழேயிருந்து செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் சுற்றிலும் பார்த்தாள்.

அதைப் பார்த்துக்கொண்டு மெர்சலின் கதவோரம் நின்றிருந்தாள். தாய் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மெர்சலினுக்குப் பதில் சொல்லத் தெரியும். தாய் கேட்டது ஒன்றுதான்.

"எங்க வெச்சீங்கம்மா?"

பஸ்ஸில் என்று மெர்சலின் சொன்னாள். எந்த பஸ் என்று கேட்டார்கள். வந்த பஸ் என்றாள். வாங்கிக்கொண்டவள் முகம் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். மெர்சலின் அதைப் பார்க்கவேயில்லை.

அன்றிலிருந்து அவள் பஸ் பஸ்ஸாக ஏறினாள். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள், மெர்சலினுக்கோ மடி காலியாக இருந்ததுதான் பயமாக இருந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகிற பஸ்ஸில் ஏறினாள், ஜங்ஷன் போகிற பஸ்ஸில் ஏறினாள், ஒவ்வொரு மடியாகப் பார்த்தாள், பூக்கூடை இருந்தது, அடுத்த வீட்டுக் குழந்தை இருந்தது, தகரப் பெட்டி இருந்தது, லால்குடிப் பெண்ணின் கனம் இல்லை. பார்த்த வேகத்தில் அடுத்த நிறுத்தத்தில் குதித்து அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். ரங்கநாயகி கூடவே ஓடி ஓடிக் களைத்து, கடைசியில் பொன்மலை நிறுத்தத்தில் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அக்கா, நீங்க தேடுறீங்க. அவங்களும் தேடுவாங்கள்ல? ரெண்டு பேரும் ஓடுனா எங்க சந்திக்கிறது? ஒரு ஆளாவது ஒரு இடத்துல உக்காரணும். அது நீங்களா இருக்கணும்னு கடவுளுக்கு ஆசை போல."

பாலே நடந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் பஸ் ஏறிய அதே நிறுத்தத்தில், அதே நேரத்தில், மெர்சலின் உட்கார்ந்தாள். பஸ் வந்தது. கால் தானாக எழுந்தது, ரங்கநாயகி முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பஸ் போயிற்று. ஜன்னல் ஜன்னலாக அது போவதை மெர்சலின் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். இன்னொன்று வந்தது, போயிற்று. காத்திருப்பது எப்படி என்று தெரியாத காரணத்தால் அவள் அந்தச் சாயங்காலத்து நடனங்களை ஒன்றன்பின் ஒன்றாக மனசில் ஓட்டிப் பார்த்தாள், அப்போதுதான் பார்க்காமல் விட்டதெல்லாம் தெரிந்தது: வெள்ளை உடுப்புக்காரர்கள் தரையைத் தொடும்போது விரல், முன்பாதம், குதிகால் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு இறங்கியது, பந்தியில் நின்றவர்களும் காத்திருக்கத்தான் செய்தார்கள் என்பது, காத்திருக்கிற உடம்பைப்போல் வேடிக்கையானதும் அழகானதும் உலகத்தில் வேறில்லை என்பது. கொள்ளிடத்தை நினைத்துப் பார்த்தாள். தமயந்தி எழும்பியதுவரை வந்தது. அதற்கப்புறம் இருட்டாக இருந்தது.

அப்போது முகப்பில் இளஞ்சிவப்புப் பெயிண்ட் அடித்த பஸ் ஒன்று வந்து நின்றது, ஜன்னலோரம் இருந்த பெண் கையை ஆட்டினாள். மடியில் இரண்டு கையையும் கோத்து எதையோ அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மெர்சலின் ஏறியதும் பக்கத்தில் இருந்தவர் சொல்லாமலே எழுந்து இடம் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்குப் பொன்னழகி என்று பெயர், சத்திரத்தில் ஜவுளிக்கடையில் துணி மடிக்கிற வேலை.

"நீங்க பாட்டுக்கு இறங்கிட்டீங்களேக்கா. நான் கூப்புட்டது காதுலயே விழல. அன்னையிலேருந்து தெனம் இதே பஸ்ல, இதே சீட்டுல வர்றேன். எப்படியும் வருவீங்கன்னு தெரியும். பொருளை விட்டவங்க வராம இருப்பாங்களா?"

மெர்சலின் இரண்டு முழங்காலையும் சேர்த்து, தானாகவே மடியை ஒதுக்கிக் காட்டினாள். வாழ்க்கையில் முதல்முறை.

"தொறந்தெல்லாம் பாக்கல," என்றாள் பொன்னழகி, கனத்தைப் பக்குவமாகத் தூக்கி அவள் மடியில் மாற்றியபடி. "ஆனா இடது கணுக்கால்ல வலி இருக்கு. ரொம்ப நாளா யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருக்கு போல. ராத்திரியில அனத்தும். தைலம் தேச்சு விட்டேன். தேய்ச்சா தூங்குது."

அவர்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி வருவதற்குள் சேதி பரவி, சாயங்கால வெயில் சாய்ந்திருக்கையில் பொன்மலை மன்றம் நிறைந்திருந்தது. ஐவி மிஸ் எல்லாரையும் ஞாயிற்றுக்கிழமை இருந்த இடத்திலேயே உட்காரச் சொன்னாள், அவர்களுக்கும் அது நியாயமாகப் பட்டது, விட்ட இடத்திலிருந்துதானே எடுக்க வேண்டும். தூங்குவதாகப் பாசாங்கு செய்தவர்கூட அதே ஜன்னலோரம் வந்து கண்ணை மூடிக்கொண்டார். மெர்சலின் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையை ரங்கநாயகியிடம் கொடுத்துவிட்டிருந்தாள். மடியில் இருந்ததை இந்தத் தடவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், இளஞ்சூடு தெரிந்தது, இடது ஓரம் சின்னதாகத் துடிப்பது தெரிந்தது, தைல வாசனையும் வந்தது.

பியானோ பொங்கிய இடத்திலிருந்து தொடங்கியது. மேலே நின்ற தமயந்தி கீழே பார்த்தாள், தாயைக் கடந்து, ஐவி மிஸ்ஸைக் கடந்து, யாரையும் அடையாளம் தெரியாத பார்வை, மெதுவாக மிதந்து விளிம்புவரை வந்து, புடவை முடிச்சு இழுத்துப் பிடிக்க, கையை நீட்டினாள். எட்டவில்லை. உட்கார்ந்தபடி கொடுப்பதற்குத் தொலைவு அதிகம். பஸ்ஸில் இறங்குகிறவர் எட்டாதபோது உட்கார்ந்திருக்கிறவர் என்ன செய்வார்? மெர்சலின் எழுந்து, மூட்டு இரண்டும் கடகடக்க, பிறத்தியாள் கனத்தைத் தலைக்கு மேல் தூக்கினாள். தன் வயதுக்கு அது முடிகிற காரியமில்லை என்று அவளுக்குத் தெரியும். கழுத்து நரம்பு புடைத்தது, கான்வென்ட் சிஸ்டர் தலையில் அடுக்கிய புத்தகம் எதுவும் இவ்வளவு கனத்ததில்லை. தூக்கிப் பிடித்தபடி நின்றாள், அந்தப் பெண்ணின் விரல்கள் அதைத் தொட்டு, அடையாளம் கண்டு, வாங்கிக்கொள்ளும்வரை நின்றாள்.

தமயந்தி இறங்கினாள். விரல், முன்பாதம், குதிகால்.

பியானோவும் தவிலும் நின்றுவிட்டன, நடனம் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாருமே பார்க்காத மீதி அப்போதுதான் நடந்தது: வெள்ளம் வடிந்துவிட்டது, அவள் குடத்தை இடுப்பில் சரியாக ஏற்றிக்கொண்டு மேடையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நடந்து போனாள். தாவல் இல்லை, சுழற்சி இல்லை. வெறும் நடை. ஒவ்வொரு அடிக்கும் தேக்குத் தரை சத்தம் கொடுத்தது, இடது காலுக்கு மட்டும் கொஞ்சம் மெல்லிய சத்தம், சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டது. எழும்பியதெல்லாம் இதற்காகத்தான், தண்ணீர் கொண்டு வீடு திரும்புகிற ஒருத்தியின் இந்தக் கனமான நடையை நம்மைக் கேட்கவைப்பதற்காகத்தான் அவ்வளவு உயரம் போனாள் என்று மெர்சலினுக்கு விளங்கியபோது, அவள் தான் நின்றுகொண்டிருப்பதை மறந்திருந்தாள்.

மேடையின் ஓரத்துக்குப் போன தமயந்தி குடத்தை இறக்கி வைத்தாள், திரும்பினாள், தாயைப் பார்த்தாள்.

"அம்மா, பசிக்குது."

கைதட்டல் அதற்கப்புறம்தான் வந்தது. பிறகு பொன்னாடை வந்தது, நினைவுப் பரிசு வந்தது, மன்றச் செயலாளர் பேங்க் கிளார்க்கிலிருந்து பொன்னழகிவரை, அரிசி மூட்டை கொடுத்தவர்வரை, ஒருவர் விடாமல் நன்றி சொன்னார். வாசலில் பாலக்கரை போகிற பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது, ரங்கநாயகி பழக்கதோஷத்தில் கைப்பையை எடுத்து நீட்டினாள். மெர்சலின் அதை வாங்கி மறுபடி அவள் மடியிலேயே வைத்தாள்.

"இரு ரங்கா," என்றாள். "இன்னும் தேசிய கீதம் இருக்கு."